64 படி, 4 கிலோ உல்லன்

மலையில் குடியிருப்பவர்கள் வீட்டில் நகை இருக்கிறதோ இல்லையோ, உல்லன் நூல் இருக்கும். பாதி உருட்டிய கண்டு, ஒற்றைக் கையோடு நின்றுபோன ஸ்வெட்டர், யாருக்கோ ஆரம்பித்து அந்தக் குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிட்ட குட்டிச் சட்டை... குன்னூரில் எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு தலையணை உறையும் கொள்ளுமளவுக்கு இருந்தது. சென்ற ஆகஸ்ட்டில் மளிகைக் கடையில் தராசைக் கடன் வாங்கி நிறுத்துப் பார்த்தேன். 4 கிலோ 300 கிராம்.

நிறுத்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. பொங்கல் முடிந்ததும் கோவைக்குக் குடிபோவது என்று முடிவாகியிருந்தது. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு 64 படி ஏற வேண்டும். அத்தைக்கு 77 வயது, முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். ஜூலை மழையில் ஒருநாள் மூச்சுத் திணறியபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டுதான் இறக்கினார்கள். வழுக்குகிற படி. நான் குடை பிடித்தபடி பின்னாலேயே போனேன். அன்று இரவே என் கணவர் போனில் தரைத்தள வீடு தேட ஆரம்பித்துவிட்டார்.

கோவையில் 4 கிலோ உல்லனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாராவது கேட்டால் கொடுத்துவிடலாமே என்றேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "நூலா குடுத்தா இங்க தூங்கினது அவங்க வீட்டுப் பெட்டியில போய்த் தூங்கும் கண்ணு. பின்னித்தான் குடுக்கணும். கிறிஸ்மஸ்ல ஆரம்பிச்சுப் பொங்கலுக்குள்ள முடிச்சிரணும்."

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நாலு வீட்டிலிருந்து கேக் வரும். பொங்கலுக்கு நாங்கள் கொடுத்தனுப்புவோம். இந்த வருடம் தட்டில் பொங்கலுக்குப் பதில் உல்லன், அவ்வளவுதான்.

ஒரு சங்கடம், அத்தையால் இப்போது பின்ன முடியாது. நாலு வருடமாக விரல் மூட்டுகள் வீங்கி ஊசியைப் பிடிக்க விடுவதில்லை. அவர் சைக்கிள் போக்குக் கம்பியில் பின்னப் பழகியவர். 1962-ல் சீனப் போர் நடந்தபோது நாடு முழுக்கப் பெண்கள் ஜவான்களுக்காக ஸ்வெட்டரும் சாக்ஸும் பின்னினார்களே, அப்போது அத்தைக்கு 14 வயது. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கிற ஊரில் கேட்கவா வேண்டும்? பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் காக்கி நூல் கொடுத்தார்களாம். இவர் பின்னியது குரங்கு குல்லா. நாம் கேலி செய்கிற அந்தத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் பாலகிளாவா என்று பெயர், 1854-ல் சண்டை நடந்த கிரிமிய ஊரின் பெயர் அது. அதே சண்டையில் இருந்த கார்டிகன் பிரபுவின் பெயர்தான் முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டருக்கு. குளிரில் நின்ற சிப்பாய்கள் இல்லாவிட்டால் நமக்குப் பாதி உடுப்பு கிடைத்திருக்காது போலிருக்கிறது.

ஆக, விரல் என்னுடையது, மூளை அத்தையுடையது என்று ஏற்பாடு.

முதல் வேலை தரம் பிரிப்பது. லேபிள் எல்லாம் எப்போதோ போய்விட்டது. எது ஆட்டு ரோமம், எது அக்ரிலிக் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விரல் நீளத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்ட வேண்டும். அசல் கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், தானே அணையும், சாம்பல் தொட்டால் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கல் மாதிரி கறுப்பு மணி நிற்கும். அத்தைக்குத் தீக்குச்சி தேவைப்படவில்லை. நூலைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துச் சொன்னார். நான் நம்பாமல் ஏழு நூலைக் கொளுத்திப் பார்த்தேன், ஆறு சரி. ஏழாவது கலப்பு நூல். "அதை யாருடி கண்டுபிடிப்பா" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்.

இந்தப் பிரிவினை வீண் வேலை இல்லை. விறகடுப்போ கரியடுப்போ பக்கத்தில் வைத்துக் குளிர்காய்கிறவர்களுக்கு அக்ரிலிக் கூடாது, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிவிடும். அவர்களுக்குக் கம்பளிதான். எஸ்டேட்டுக்குப் போகிறவர்களுக்கு நேர்மாறு. பக்கத்து லைன் வீட்டு அக்கா காலை எட்டு மணிக்குள் தேயிலைச் செடி முன்னால் நிற்பார். இரண்டு இலை ஒரு மொட்டு பறிக்க விரல் நுனி வெளியே இருக்க வேண்டும், பனி ஈரத்தில் நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும். அவருக்கும் கூடப் போகும் ஏழு பேருக்கும் அக்ரிலிக்கில் மணிக்கட்டு உறை. கட்டைவிரலுக்கு மட்டும் ஓட்டை. ஜோடிக்கு 40 கிராம்கூட ஆகவில்லை.

பூச்சி அரித்தது 600 கிராம் வரை தேறியது, கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டேன். துண்டு நூல்களுக்கு அத்தை சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது. ஒரு வரிசை பின்ன, அதன் அகலத்தைப் போல மூன்று மடங்கு நூல் வேண்டும். கையில் இருப்பதை முழம் போட்டால் எத்தனை கோடு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இப்படித்தான் தபால்காரருக்கு ஒன்பது நிறத்தில் மஃப்ளர் அமைந்தது. தூரத்தில் வந்தாலே தெரிகிறார்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிக்குத் தொப்பி போடலாம் என்றேன். "64 படி சிலிண்டர் தூக்கிட்டு வர்றவனுக்கு வேர்க்குதா குளிருதா?" என்றார் அத்தை. யோசிக்க வேண்டிய கேள்விதான். தடித்த நூலை இரட்டையாகச் சேர்த்து, நாலு மடிப்பாக, தோளில் வைக்க ஒரு சும்மாடு பின்னினேன். வாங்கியவன் முதலில் சிரித்தான். அடுத்த தடவை அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். தெருக்கோடியில் இன்னொரு பையனுக்கும் ஒன்று வேண்டுமாம்.

நவம்பரில் பெட்டியின் அடியிலிருந்து மாமாவின் பழுப்பு ஸ்வெட்டர் வந்தது. அருவங்காடு தொழிற்சாலைக்கு அவர் போட்டுக்கொண்டு போனது, அத்தை பின்னியது. முழங்கை தேய்ந்து வலையாகியிருந்தது. மாமா போய் ஒன்பது வருடம். என் கணவர் அதை வாங்கி மடித்துத் தன் அலமாரியில் வைத்தார்.

மறுநாள் மதியம் அத்தை அதைக் கேட்டு வாங்கினார். கத்தரிக்கோலும் கேட்டார். எனக்குக் கை வரவில்லை. "அவருகிட்டக் கேட்டுக்கலாமே அத்தை" என்றேன்.

"அவன் அப்பாவோட சட்டை அது. ஆனா நூலு என்னுது" என்றார்.

தோள் தையலை நான் பிரித்தேன். பிரிந்த முனையை அவர் விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தார். ஊசி பிடிக்க மறுத்த கை நூல் இழுக்க மறுக்கவில்லை. பின்னல் பிரியும்போது ஒரு சத்தம் வரும், மெல்லிய மழை மாதிரி. ஒரு மதியம் முழுக்க அந்தச் சத்தம்தான். என் கணவர் வேலை முடிந்து வந்தபோது, நாற்காலி முதுகில் சுற்றிய பழுப்பு நூல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, மீதிக் கையைத் தானே பிடித்துக்கொண்டு அம்மா இழுக்க இழுக்கத் திருப்பிக் கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னக் கூடாது. நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் தொங்கவிட்டால் நேராகிவிடும். வெயிலே வராத நவம்பரில் அது காய நாலு நாளானது. அந்த நாலு நாளும் அத்தை காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி.

மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக் கச்சேரி உண்டு. நாலு பேர். இன்றைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். தேய்ந்த பகுதி போக மிஞ்சிய நூலில் சரியாக இரண்டு மஃப்ளர். ஊசி மட்டும் நான் பிடித்தேன், ஒவ்வொரு வரிசையையும் அத்தை எண்ணினார். கிறிஸ்துமஸ் அன்று காலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் நூல், என்ன நூல் என்று நான் சொல்லவில்லை. பெரியவர் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, மாமாவின் பேரைச் சொன்னார். அவ்வளவுதான். அவர் வீட்டம்மா கேக் வெட்ட உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை.

ராத்திரி அத்தைக்குப் போன் வந்தது. "கழுத்துல குத்துதும்மா" என்றாராம். "அவன் எப்பவுமே குத்திக்கிட்டுதான் இருப்பான்." அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பொங்கலுக்குள் முடிந்ததா என்றால், முடியவில்லை. தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக 200 கிராம் மிஞ்சியது. சாமான் கட்டும் அவசரத்தில், கண்ட நிறத்தையெல்லாம் முடிச்சுப் போட்டு, அத்தையின் ஊன்றுகோல் பிடிக்கு ஓர் உறை பின்னினேன். அலுமினியப் பிடி குளிர்காலத்தில் சுரீரென்று இருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பின்னியவருக்கு யாரும் ஒன்றும் பின்னிக் கொடுத்ததில்லை.

"கோயமுத்தூர்ல எங்கடி குளிருது? இதென்ன கலரு, கோமாளி மாதிரி" என்றார்.

குடிவந்து மூன்று வாரமாகிறது. நேற்று அழுக்காகிவிட்டதே என்று உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். காயும்வரை அத்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை.