அகிஹபாராவில் ஒரு சீட்டுக் கச்சேரி!

உங்க வீட்டுப் பரண்ல பழைய பிஸ்கட் டப்பா ஏதாவது இருக்கா? அதுக்குள்ள ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின டபிள்யூ.டபிள்யூ.இ. கார்டுகள்? இருந்தா நீங்க கொடுத்துவெச்சவங்க பாஸ்! ரேங்க், ஹைட், வெயிட், பைசெப்ஸ்னு மதிய இடைவேளை முழுக்கச் சண்டை போட்டுச் சேர்த்த என் டப்பா, வீடு மாறினப்போ பழைய பேப்பர்காரர் தராசுல ஏறிடுச்சு. "அண்டர்டேக்கர் போயிட்டாரும்மா!"னு நான் உருண்டு அழுதது கடலூர்ல எங்க தெருவுக்கே தெரியும்.

அந்த டப்பா மறுபடி ஞாபகத்துக்கு வந்த இடம்... டோக்கியோ!

நான் ஈ.சி.ஈ. மூன்றாம் வருஷம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு வாரம் அங்கே ஒரு பல்கலைக்கழக லேபில் இருக்க வாய்ப்பு கிடைத்தது. கிளம்புகிற அன்று, பத்தாவது படிக்கும் தம்பி ஒரு கவரை நீட்டினான். உள்ளே 12,000 ரூபாய். பொங்கல் காசு, பாட்டி கொடுத்தது, போட்டியில் ஜெயித்தது என மூன்று வருஷச் சேமிப்பு.

"அக்கா, சீல் உடைக்காத போகிமான் கார்டு பெட்டி எவ்வளவு கிடைக்குதோ வாங்கிட்டு வா. பத்து வருஷம் தொடாம வெச்சிருந்தா லட்சக்கணக்குல போகும். என் ஃபீஸுக்கு அப்பாகிட்ட கேக்கவே வேணாம்."

சிரிப்பு வந்தது. ஆனா சிரிக்க முடியலை. என் படிப்பே எஜுகேஷன் லோன்லதான் ஓடுதுங்கறது அவனுக்கும் தெரியும்.

தண்டவாளத்துக்குக் கீழே ஒரு ரிச்சி ஸ்ட்ரீட்

அகிஹபாரா ஸ்டேஷனில் 'எலெக்ட்ரிக் டவுன்' என்று போர்டு போட்ட வாசலில் இறங்குங்கள். முதலில் ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் ரேடியோ சென்டருக்குள் நுழைந்துவிடுங்கள். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டை மடித்து ஒரு சூட்கேஸில் வைத்த மாதிரி இருக்கும்! ஒரு ஆள் நிற்கும் அளவு கடைகள். தட்டுத்தட்டாக ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஸ்விட்ச், ஒயர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தப் பகுதியில் ரேடியோ உதிரிபாகம் விற்ற தெருக்கடைகள்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். 1949-ல் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்ததும், வியாபாரிகள் பாலத்துக்கு அடியில் குடிபுகுந்தார்கள்.

ஸ்டேஷனை ஒட்டியே நிற்கிறது ரேடியோ கைகான். 1976-ல் என்.இ.சி. நிறுவனம் மைக்ரோ கம்ப்யூட்டர் பழகுவதற்காக 'பிட்-இன்' என்ற இடத்தைத் திறந்தது இதன் பழைய கட்டடத்தின் ஏழாவது மாடியில்தான். எங்க டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இது கோயில் மாதிரி. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 2014-ல் புதிதாகத் திறந்த பத்து மாடியில் பக்தியோடு ஏறினேன். ஒரு மாடி, கார்டு கடை. அடுத்ததிலும் கார்டு கடை!

கண்ணாடிக்குள்ளே காகிதம்

நகைக்கடை ஷோகேஸ் மாதிரி விளக்குகள். உள்ளே வரிசையாகச் சீட்டுகள். போகிமான், யு-கி-ஓ, மேஜிக், ஒன் பீஸ்... சிலவற்றின் விலைச்சீட்டில் பூஜ்ஜியங்களை எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்தது. சாவி கேட்டால் கடைப் பையன் கையுறை மாட்டாத குறையாக எடுத்துக் காட்டுகிறான்.

கூட வந்த லேப் சீனியர் திருச்சிக்காரர். விளக்கம் எல்லாம் அவர் உபயம். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் நம்பர் போட்டு இருப்பவை தரச்சான்று வாங்கியவை. பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மார்க் போடுகின்றன. மூலை மழுங்கியிருக்கா, ஓரம் வெளுத்திருக்கா, மேலே கீறல் இருக்கா, படம் நட்டநடுவில் அச்சாகியிருக்கா என்று பார்ப்பார்கள். முதல் வருஷ வொர்க்‌ஷாப்பில் அரை மில்லிமீட்டருக்கு ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்த சார் ஞாபகம் வருகிறதா? அதே கதைதான். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், விலையிலோ பல மடங்கு!

அம்மாக்கள் ஏற்றிய விலை

சரி, வெறும் அட்டைக்கு எப்படி இவ்வளவு விலை? இந்த மோகம் முதலில் பிடித்தது அமெரிக்காவில். அங்கே நடந்ததைக் கேளுங்க.

1952-ல் டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் வீரர்களின் கார்டுகளை வெளியிட்டது. சீசன் முடியும் நேரத்தில் வந்தவை விற்கவில்லை. குடோனில் கிடந்த மிச்சத்தை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்தக் கார்டுகளை உருவாக்கிய சை பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். விற்றவற்றையும் பசங்க சைக்கிள் சக்கரத்தில் செருகி 'டர்ர்ர்' விட்டார்கள். மீதியை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். தப்பிப் பிழைத்த மிக்கி மேன்டில் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது!

போகிமானிலும் அப்படித்தான். ஜப்பானில் இந்தச் சீட்டுகள் வந்தது 1996 அக்டோபரில். 1997-98-ல் 'கொரோகொரோ' இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் ஜெயித்த 39 பேருக்கு 'பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர்' என்ற கார்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்படி ஒன்றைத்தான் 2021-ல் யூடியூபர் லோகன் பால் 52.75 லட்சம் டாலருக்கு வாங்கினார். தம்பி பார்த்த வீடியோவும் அதுதான்.

ஆனா வீடியோவில் வராத அடுத்த பாகம் ஒன்று இருக்கு. மேன்டில் கார்டு விலை ஏறுவதைப் பார்த்த அமெரிக்க அப்பாக்கள், 1980-களின் கடைசியில் பெட்டி பெட்டியாகப் புதுக் கார்டுகளை வாங்கி அடுக்கினார்கள். எதுக்கு? பிள்ளைங்க காலேஜ் ஃபீஸுக்கு! கம்பெனிகளும் கேட்கக் கேட்க அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரமா வெச்சிருந்ததால எதுவுமே அரிதாகலை. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வாங்க ஆளே இல்லை. அந்தக் காலத்துக்கே 'குப்பைக் காலம்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்ப போகிமான் கணக்குக்கு வாங்க. 2024 மார்ச் வரை அச்சடித்தது மொத்தம் 6,480 கோடி சீட்டுகள். அதில் கடைசி ஒரே வருஷத்தில் மட்டும் 1,190 கோடி! கொரோனா சமயத்தில் ஆசை எப்படி எகிறியது என்றால், மார்க் வாங்க வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்தியே வைத்தது. அத்தனை பேரும் பத்திரப்படுத்துகிறார்கள்.

கம்பெனிகளும் சும்மா இல்லை. அரிதை அவங்களே தயாரிக்கிறாங்க. 2023-ல் மேஜிக் விளையாட்டில் உலகத்துக்கே ஒன்றே ஒன்று என்று ஒரு 'ஒன் ரிங்' கார்டை அச்சடித்துப் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். கிடைத்தவரிடமிருந்து பாடகர் போஸ்ட் மலோன் 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். போலிகள் இன்னொரு பக்கம். 1996-ன் மாதிரிக் கார்டு என்று சான்றிதழோடு விற்ற சிலவற்றில், கலர் பிரின்டர்கள் ரகசியமாகப் போடும் மஞ்சள் புள்ளிகளை 2025-ல் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். புள்ளிகளைப் படித்தால், அச்சான வருஷம் 2024! எலெக்ட்ரானிக்ஸ் படிச்சது இப்படியும் உதவும் மக்களே.

மூலையில் ஒரு டப்பா

தம்பியின் கவர் பையில் கனத்துக்கொண்டே இருந்தது. கடைக்காரரிடம் சீனியர் மூலமாகக் கேட்டேன், "பத்து வருஷம் கழிச்சு எது ஏறும்?" அவர் சிரித்துவிட்டுக் கடையின் உள்பக்கம் கை காட்டினார்.

அங்கே மேஜை நாற்காலிகள். கோட்டு சூட்டு போட்ட ஆபீஸ் மனிதர் ஒருவரை, பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன் சீட்டு விளையாட்டில் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அடிபட்ட கார்டுகள் கொட்டிய ஒரு டப்பா. துழாவினேன். ஒரு கார்டின் பின்னால் பால்பாயின்ட் பேனாவில், குழந்தைக் கையெழுத்தில் பெயர் மாதிரி ஏதோ எழுதியிருந்தது. அந்தப் பேனாக் கோட்டால் அதன் விலை 50 யென். நம்ம காசுக்கு முப்பது ரூபாய்கூட வராது. என் அண்டர்டேக்கர் முதுகிலும் என் பெயர் இருந்தது.

முடிவு பண்ணிட்டேன். விளையாடத் தயாராக அடுக்கிய இரண்டு கட்டும், அந்த டப்பாவிலிருந்து இருபது கார்டும் வாங்கினேன். மீதியைக் கவரிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன்.

தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உட்கார வைத்துச் சொன்னேன். "சீல் பெட்டி விலை ஏறவே ஏறாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்டா. ஆனா உன்னை மாதிரியே ஊர் உலகமெல்லாம் பீரோல பூட்டி வெச்சிருக்கு. மேன்டில் கார்டை யாரும் பூட்டி வைக்கலை, அதனாலதான் அந்த விலை. தவிர, நம்ம ஊர் கடல்காத்து. பளபளன்னு இருக்கற கார்டுல காகிதம் ஈரம் இழுக்கும், மேலே இருக்கற ஃபாயில் இழுக்காது. பைமெட்டல் ஸ்ட்ரிப் மாதிரி வளைஞ்சு நிக்கும். ஃபீஸைப் பத்தி நீ யோசிச்சியே, அது போதும். அதை நானும் அப்பாவும் பாத்துக்கறோம்."

பணத்தை அப்பா போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டில் போட்டார். அன்று ராத்திரி கரென்ட் போன நேரத்தில், அவன் சார்ஜர் லைட்டும் ஒரு கார்டு கட்டும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். மூன்று ஆட்டம். மூன்றிலும் தோற்றது நான்!

பேனாவில் பெயர் எழுதிய அந்தக் கார்டு இப்போது அவன் கட்டில்தான் இருக்கு. அதுக்குக் கீழே தன் பெயரையும் எழுதிட்டான் படவா.

அகிஹபாரா போனா நீங்களும் ஷோகேஸ் பாருங்க, வாய் பிளங்க. அப்படியே மூலையில இருக்கற அந்த டப்பாவையும் ஒரு தடவை துழாவிட்டு வாங்க. அப்புறம், இந்த வார லீவுக்கு வீட்டுக்குப் போனா பரண்ல ஏறிப் பாருங்க. உங்க டப்பா இன்னும் அங்கேயே இருந்தா, முதல்ல அம்மாவுக்கு ஒரு தேங்க்ஸ்!