பாட்டு பழசு, தாளம் புதுசு

ஜரிகை நன்றாக இருக்கும் பழைய பட்டுப் புடவையை நாம் யாரும் வீணாக்குவதில்லை. பேத்திக்குப் பாவாடையாகத் தைத்துப் போட்டு, "உன் பாட்டி புடவைடீ" என்று பூரித்துப் போகிறோம். அதே வேலையைப் பாட்டில் செய்தால் மட்டும் வீட்டில் சண்டை வந்துவிடுகிறது! 'ரீமிக்ஸ்' என்ற வார்த்தையே என் மாமியாருக்கு ஆகாமல் இருந்தது.

அவருக்கு 72 வயது. சர்க்கரை உண்டு. தினம் அரை மணி நடக்கும்படி டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் மாமனார் காலமான பிறகு அவர் வாசற்படி தாண்டுவதே அபூர்வம். கூடத்தில் உட்கார்ந்து டி.எம்.எஸ். பாட்டுக் கேட்பதோடு சரி.

காரைக்கால் பகுதி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததல்லவா? எங்கள் விழிதியூர்ப் பக்கம் பிரான்சில் உறவு உள்ள குடும்பங்கள் உண்டு. பாரிசிலிருந்து லீவுக்கு வந்த நாத்தனார் மகன் ஒருநாள் 'பொன்மகள் வந்தாள்' போட்டான். 1970-ல் 'சொர்க்கம்' படத்துக்கு எம்.எஸ்.வி. இசையமைத்த பாட்டு. அவன் போட்டதோ, 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ரஹ்மான் புதுசாக்கியது.

"நல்ல பாட்டைக் கெடுத்து வச்சிருக்காங்களே!" என்றார் மாமியார்.

"கோச்சுக்காதீங்க அம்மாச்சி, இதுல வேற ஆளு பாடியிருக்காரு. பழைய குரலை அப்படியே வச்சுக்கிட்டு தாளத்தை மட்டும் மாத்துறதும் உண்டு. கேளுங்க" என்று அவன் கதை சொன்னான்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்றொரு நடனக் கூடம் தொடங்கியதாம். அங்கே இசைத்தட்டுப் போட்டவர் ஃப்ராங்கி நக்கிள்ஸ். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' இசை என்ற பெயர் வந்தது. 'தொம் தொம்' என்று பெரும்பாலும் நிமிஷத்துக்கு 120 தட்டை ஒட்டிச் சீராக விழும். தொண்ணூறுகளில் பிரபலமான பாட்டுகளை இந்த இசைக்காரர்களிடம் கொடுத்து மாற்றி வாங்குவது வழக்கமாயிற்று. இங்கிலாந்துக் குழு ஒன்று 1994-ல் 'மிஸ்ஸிங்' என்று ஒரு சோகப் பாட்டு வெளியிட்டது. பெரிதாக எடுபடவில்லை. மறு வருஷம் டாட் டெர்ரி என்பவர், பாடகி ட்ரேசி தார்னின் குரலை வைத்துக்கொண்டே அடியில் தாளத்தைப் புகுத்தினார். பாட்டு உலகமெங்கும் ஓடியது! அதே 1994-ல் பர்மிங்ஹாமின் பாலி சாகூ, 1973-ம் வருஷத்து 'சுரா லியா' இந்திப் பாட்டைப் புதுசாக்கி நம் நாட்டிலும் பேர் வாங்கினார்.

'மிஸ்ஸிங்' பாட்டை மாமியார் கண்ணை மூடிக் கேட்டார்.

"பாஷை புரியலே. ஆனா அந்தப் பொண்ணு ஏக்கமாத்தான் பாடுது. கால் மட்டும் நிக்காம ஆடுதே!" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "துக்கம் இருந்தாலும் கால் நடக்கத்தானே வேணும்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் சாயந்திரம் பேரனோடு வயல் ஓரமாக நடந்தார். முதலில் இரண்டு தட்டுக்கு ஓர் எட்டு. இப்போது கொஞ்சம் வேகம் கூடியிருக்கிறது. பிள்ளை ஊருக்குப் போய்விட்டான். துணைக்கு நான் போகிறேன். கூடத்தில் பழைய பாட்டு, நடைக்குப் புதுத் தாளம் என்று வீட்டில் ராஜியாகிவிட்டது!

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் முயன்று பாருங்களேன். தாளத்தை எட்டிப் பிடிக்க ஓடவேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். வந்ததும் பாதத்தில் புண், கொப்புளம் உண்டா என்று பாருங்கள். ரோட்டில் காதில் மாட்டிக்கொண்டு நடப்பது ஆபத்து. கூட வருபவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும்படி, போனில் மெல்ல வைத்தால் போதும். கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் குறைத்து வையுங்கள். பிஞ்சுக் காது அல்லவா?