மண்ணெண்ணெய் மணக்கும் துறைமுகம்

விழிஞ்ஞம் மீனவர்களின் போராட்டம் கடலோடு மட்டுமல்ல, பழைய எஞ்சின்களுக்குள் போகும் எரிபொருளோடும்தான்

கோவளத்தின் உல்லாசக் கடற்கரையிலிருந்து தெற்கே சுமார் மூன்று கி.மீ. வந்தால் காட்சி மாறிவிடுகிறது, வாசனையும்கூட. விழிஞ்ஞத்தில் மீன் வாடையை மீறி மூக்கில் ஏறுவது மண்ணெண்ணெய் நெடி. ஒருபுறம் மசூதி, மறுபுறம் மாதா கோயில், நடுவே குடாவில் நெருக்கியடித்து நிற்கும் வள்ளங்கள். ஏறக்குறைய எல்லா வள்ளங்களின் பின்புறத்திலும் தொங்குகிறது ஒரு வெளிப்பொருத்து எஞ்சின், சிலவற்றில் இரண்டு.

ஜூன் மாதம் பிறந்தால் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் மற்ற ஊர்களில் ஆளுயர அலைகளைத் தாண்டி வள்ளத்தை இறக்க முடியாது. அலைத்தடுப்புச் சுவர்களின் அரவணைப்பில் இருக்கும் விழிஞ்ஞத்தில் முடியும். அதனால் அக்கம்பக்கத்துக் கடலோர ஊர்களெல்லாம் சீசனுக்கு இங்கே வந்து சேருகின்றன. ஆண்டின் மிக நல்ல மீன்பாடும் மிக மோசமான கடலும் ஒரே நேரத்தில் வருகின்றன. எஞ்சின் மக்கர் செய்யக் கூடாத பருவம் இது.

துடுப்பும் பாயுமாக இருந்த தென் கேரளக் கடலோரத்தில் எஞ்சின் பரவியது 1980-களில். யமஹா, சுசுகி போன்ற ஜப்பானிய இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வந்தன. அடிப்படையில் அவை பெட்ரோல் எஞ்சின்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்பதால் மண்ணெண்ணெயில் ஓடும் ரகங்கள் நிலைத்தன. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சின்களைத் தருவித்ததோடு, பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. குமரி மாவட்டத்தின் முட்டத்தில் உருவான ஒட்டுப்பலகை வள்ளங்கள் இந்த எஞ்சின்களுக்குப் பொருத்தமான துணையாயின.

மண்ணெண்ணெய் சிக்கனமானது, ஆனால் சிடுமூஞ்சி. குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் ஆவியாகாது. எனவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரை திரும்பும்போது தலைகீழ்: நிறுத்துவதற்குச் சற்று முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். அலுப்பில் இதை மறந்தவர் மறுநாள் அதிகாலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகிறார்.

எஞ்சினுக்கு வயதாக ஆக, மீனவரே பாதி மெக்கானிக் ஆகிவிடுகிறார். கடலில் எஞ்சின் திணறினால் மூடியைக் கழற்றி கார்புரேட்டரில் கைவைப்பது புதியவர்கள் செய்யும் வேலை. அனுபவசாலிகள் டாங்கியிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் எஞ்சின் சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்து நிற்கும். திருகைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் நோய் தெரிந்துவிட்டது, செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது குழாயின் நடுவே உள்ள ரப்பர் பம்பு. கையால் அழுத்தினால் சில அழுத்தலில் அது கெட்டிப்பட வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்றிருந்தால் டாங்கியில் எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது: வெடித்த குழாய், தேய்ந்த வாஷர், தளர்ந்த இணைப்பு. ஓடும்போது பம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் டாங்கிப் பக்கம் அடைப்பு. எஞ்சின் சாகப்போகும் நேரத்தில் ஒருவர் பம்பை அழுத்திக்கொண்டே இருந்து, அது உயிர் பெற்று ஓடினால், சந்தேகம் எஞ்சினோடு இருக்கும் பெட்ரோல் பம்பின் மீது விழுகிறது. அதனுள்ளே இருக்கும் மெல்லிய டயஃப்ரம் வயதாகி விறைத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். இப்படிப் பம்பை அழுத்தியபடியே கரை சேர்ந்த வள்ளங்கள் உண்டு.

மூன்றாவது எதிரி தண்ணீர். மழையும் உப்புக்காற்றும் சூழ்ந்த இடத்தில் கேனுக்குள் நீர் இறங்குவது சகஜம். எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் தங்கும். அலையில் டாங்கி குலுங்கும்போது குழாய் அதை உறிஞ்சும். கண்ணாடி பாட்டிலில் சிறிது பிடித்து அசையாமல் வைத்தால் கோடு பிரிந்து தெரிந்துவிடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குப் போன உப்பு நீர், ஜெட் துளையில் பூத்து அடைத்துக்கொள்கிறது. பெட்ரோலும் முன்போல இல்லை. 2025-ல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் கெடுக்கக்கூடியது. எஞ்சினைக் கிளப்ப மட்டும் என்று வாரக்கணக்கில் கேனில் கிடக்கும் பெட்ரோல் இன்று நம்பத்தகுந்ததல்ல.

கடைசிச் சாட்சி பிளக். கழற்றும்போது நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் எண்ணெயே வரவில்லை. தூண்டில் போட்டு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் கரி படிந்து கறுத்திருக்கும்.

எஞ்சினைச் சரிசெய்யத் தெரிந்தவர்களால் சரிசெய்ய முடியாதது மண்ணெண்ணெயின் விலை. மானிய மண்ணெண்ணெய் பர்மிட் மூலம் கிடைக்கிறது. அந்த பர்மிட்டுக்கு எஞ்சினின் வயதும் பார்க்கப்படும். மத்திய ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க, 2022-ல் லிட்டர் விலை 100 ரூபாயைத் தாண்டியது. சமையல் எரிவாயுவில் ஓடும் எஞ்சின்கள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. புது எஞ்சின் வாங்கக் கடன் வேண்டும். கடன் வேண்டாம் என்பவர் பழைய எஞ்சினையே ஒட்டுப்போடுகிறார்.

இது வெறும் செலவுக் கணக்கு அல்ல. வடக்கே முதலப்பொழித் துறைமுக வாயிலில் வள்ளங்கள் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் அலைக்கு நடுவே எஞ்சின் ஒரு நிமிடம் நின்றாலும் வள்ளம் குறுக்கே திரும்பிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தக் கடலோரத்திலும் குமரியிலும் கரை திரும்பாதவர்கள் ஏராளம். அதே எஞ்சின்கள்தான் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் லாரிகளில் ஏறி உள்நாட்டுக்குப் போய், ஆயிரக்கணக்கானோரை மீட்டன.

இப்போது விழிஞ்ஞத்தின் இன்னொரு முகம் உலகுக்குத் தெரியும். 2025 மே 2-ம் தேதி பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. ஐரினா வந்து நின்றது. அந்த ராட்சதக் கப்பல்கள் வந்துபோகும் கடலில் நின்றுபோன எஞ்சினோடு மிதப்பது முன்னைவிட ஆபத்தானது. வசதியுள்ளவர்கள் இரண்டாவது எஞ்சின் வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் நம்புவது உதிரி பிளக்குகள், கொஞ்சம் ரப்பர் குழாய், ஒரு ஸ்பேனர். கூடவே, இன்னும் கரையில் விட்டுவிட்டு வர மனம் வராத துடுப்பு.