பொதுப் பட்டியலும் ஒரு மூதாட்டியின் சொல்லும்

பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில், தமிழ் பேசும் மூதாட்டி ஒருவர் எனக்கு அவித்த மரச்சீனி கொடுத்தார். பிற தமிழ்ப் பகுதிகள் மரவள்ளி என்னும் கிழங்கு அது. சொல்லை அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சென்ற மாதம் என் ஆய்வேட்டின் அட்டவணையில் அவ்வூருக்கு நேரே ‘கப்பை’ என்றிருந்தது.

1956 நவம்பர் 1 அன்று அண்டையிலிருந்த விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்ப் பேச்சில் எச்சொல் நிலைத்தது, எச்சொல் மாறியது என்பதே என் கேள்வி. அட்டவணை அதற்குப் பொய்யான விடை தந்தது.

பிழை என்னுடையதே. சொற்களை ஸ்கீம் மொழியில் இணைப்புப் பட்டியல்களாக வைத்திருந்தேன்: பாறசாலைப் பக்கத்து ஊருக்கு ஒன்று, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான சொற்களுக்கு ஒன்று. பொதுப் பட்டியலை ‘அப்பெண்ட்’ கொண்டு இரண்டின் பின்னும் சேர்த்தேன். அப்பெண்ட் முன்பட்டியலின் கணுக்களை மட்டுமே நகலெடுக்கும். பின்பட்டியலை நகலெடுக்காது, அதன் முதற்கணுவைச் சுட்டி நிற்கும். ஆகவே ஊர் இரண்டு, வால் ஒன்று. பின்னர் நெய்யாற்றின்கரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ‘கப்பை’ என்றார். அவ்வூர்ப் பட்டியலில் அந்தக் கணுவின் மதிப்பை இருந்த இடத்திலேயே மாற்றினேன். பாறசாலைப் பக்கத்து ஊரின் சொல்லும் உடன் மாறிற்று. நிரல் எச்சரிக்கவில்லை, அதன் கணக்கில் தவறேதும் நிகழவில்லை.

பகிர்தல் குறையன்று. 1960இல் ஜான் மெக்கார்த்தி வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையிலேயே அப்பெண்ட் இவ்வாறுதான் வரையறுக்கப்பட்டது: முன்பட்டியல் தீர்ந்ததும் பின்பட்டியல் அப்படியே தரப்படும். இதனால் செலவு முன்பட்டியலின் நீளத்தளவே. ஹாஸ்கெல் அச்சமின்றிப் பகிர்வதற்குக் காரணம், அங்கே பட்டியலின் கணு எதுவும் இருந்த இடத்தில் திருத்தப்படுவதில்லை. நானோ பகிரவும் செய்தேன், திருத்தவும் செய்தேன்.

தீர்வு அனைத்தையும் நகலெடுப்பதன்று. ஒரு சொல்லை மாற்ற வேண்டின், தலைக்கணு முதல் அச்சொல் உள்ள கணு வரை புதிதாகக் கட்டி, எஞ்சியதைப் பழையபடி பகிர்ந்தால் போதும். மற்ற ஊரின் பட்டியல் தொடப்படாது.

வழிகாட்டியிடம் அளித்த இயலைத் திரும்பப் பெற்றுக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். 14 சொற்கள் மாறியிருந்தன. கையெழுத்துக் குறிப்பேடு இருந்ததால் மூதாட்டியின் சொல் மீண்டது. களத்தரவைக் கணினியில் ஏற்றும் மாணவர்கள், இரு பட்டியல்களை இணைக்கும்முன் எது நகல், எது பகிர்வு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.