விழாவும் விதியும்

எங்கள் பெற்றோரின் திருமண வெள்ளி விழாவிற்குச் சிங்கி இறால் சமைக்க விரும்பி, சகோதரிகள் நாங்கள் மூவரும் அப்பாவுடன் அதிகாலையில் செம்பாக்கத்திலிருந்து காசிமேட்டுக்குச் சென்றோம்.

மலிவாகக் கிடைத்த பெரிய சிங்கியின் வாலடியில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒரு தாய்ச் சிங்கி இலட்சக்கணக்கில் முட்டைகளைச் சுமக்கும். "ஏற்றுமதியாகும் சிங்கிக்கு 2003 முதல் குறைந்தபட்ச எடை விதி உண்டு. வீட்டு அடுப்பைக் கண்காணிக்க யார் வருவார்? நமக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம்" என்றார் அப்பா. கூடுதல் விலை கொடுத்து, முட்டையில்லாத இரண்டு சிங்கிகளே வாங்க முடிந்தது.

வால் ஓட்டைக் கத்தரியால் பிளந்து, குடலை நீக்கி, மஞ்சள், மிளகு, பூண்டு தடவி வதக்கினோம். சதை வெண்மையானதும் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் ரப்பர்போல் ஆகிவிடும்.

ஐவருக்கு இரண்டு வால்கள்! வழக்கம்போல் தம் பங்கை எங்கள் தட்டுகளில் வைக்க வந்த அம்மாவை, அன்று மட்டும் நாங்கள் விடவில்லை.