எந்த ஊர்?

மதுரையில் படித்த காலத்தில், எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பக்கம் ஒரு குழி தெரிந்தால் வாய் தானாக ‘டிபி’ என்று சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வேலைக்கு வந்தேன். இங்கே அதே குழிக்கு வேறு காரணம்: வேலி ஃபீவர், அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சல். போனில் சொன்னபோது அம்மா, “வேலியில என்னடி காய்ச்சல்?” என்றாள்.

காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை பாலை மண்ணில் இழையாக வளரும். மழை விட்டு மண் காய்ந்ததும் இழை நொறுங்கிப் புழுதியோடு பறக்கும். மூச்சில் ஏறிய துகள் நுரையீரலுக்குள் உருண்டையாகப் பருத்து, வெடித்து, நூற்றுக்கணக்கான குட்டிகளைக் கொட்டும். இருமலில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, மண்ணிலிருந்துதான் வரும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் சரிந்து கிளம்பிய புழுதியால், கலிபோர்னியாவின் வென்ச்சுரா மாவட்டத்தில் மட்டும் 203 பேருக்கு நோய் கண்டது.

பத்தில் ஆறு பேருக்கு வந்ததே தெரியாது. மற்றவர்கள் சாதாரண நிமோனியா போலவே வருவார்கள். வந்த புதிதில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் எழுதினேன். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருந்தது. நம் ஊர் ஞாபகத்தில் பூச்சி, அலர்ஜி என்று தள்ளிவிட்டேன். மூன்றாவது சீட்டு எழுதும்போது அவர் மனைவி கணவரின் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். முன்காலில் சிவந்த, தொட்டால் வலிக்கும் கட்டிகள். மூட்டெல்லாம் வலி. பழைய டாக்டர்கள் இதைப் ‘பாலைவன வாதம்’ என்றார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்தக் கட்டிகள் நல்ல சகுனம். உடம்பு மல்லுக்கு நிற்கிறது என்று அர்த்தம். அவர் பூஞ்சை மருந்தில்லாமலே தேறினார். ஆனால் மாடிப்படி ஏற நான்கு மாதம் ஆயிற்று. அந்த அசதியை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

சிலருக்கு நுரையீரலில் ஒரு முடிச்சு தங்கிவிடும். புற்றுநோயோ என்று பயந்து ஊசி போட்டுச் சதை எடுப்போம். குழி விழுந்தால் சளியில் ரத்தம் வரும். அபூர்வமாகக் குழி உடைந்து காற்று வெளியேறி நுரையீரல் சுருங்கும். நூற்றில் ஒருவருக்கு நுரையீரலைத் தாண்டித் தோல், எலும்பு, மூளையுறை என்று பரவும். கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கறுப்பினத்தார், ஃபிலிப்பினோக்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். வேலி ஃபீவர் வந்தவர் “தலைவலி விடவே இல்லை” என்றால் எனக்கு வயிற்றைப் பிசையும். முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. மூளையுறையில் புகுந்துவிட்டால் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஆயுசுக்கும் வேண்டும்.

போன மாதம் மதுரையிலிருந்து கல்லூரி ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஓர் எக்ஸ்ரே அனுப்பினாள். மேல்பக்கம் குழி. சளியில் டிபி கிருமி இல்லை. மூன்று தடவை பார்த்தாயிற்று.

“எந்த ஊர்க்காரர்?”

“மேலூர்க்கா.”

“அதுக்கு முன்னாடி எங்கே இருந்தார்?”

கேட்டுவிட்டு வந்தாள். “பையன் வீட்டுல ஆறு மாசம். அரிசோனாவுல ஏதோ டூசானாம்.”