விரல் நுனியில் பட்ட பந்து

வாலிபாலில் பிளாக் போடுகிறவனுக்கு மட்டும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. எதிரணிக்காரன் ஸ்மாஷ் அடிக்கிறான். இந்தப் பக்கம் இரண்டு பேர் எழும்புகிறார்கள். பந்து ஒருவனுடைய நடுவிரல் நுனியை உரசிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழுகிறது. உரசியிருந்தால் புள்ளி அவர்களுக்கு, உரசாவிட்டால் நமக்கு. பந்து திசை மாறியிருக்காது, சத்தமும் வந்திருக்காது. மேடை மேல் நிற்கிற ரெஃப்ரிக்கும் பல சமயம் பிடிபடாது, கோட்டோரம் நிற்கிறவருக்கும் பிடிபடாது. விரலில் சுரீரென்று ஓர் எரிச்சல். அது அந்தப் பையனுக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

அப்போது அவன் கையைத் தூக்கி "டச்" என்கிறானா, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பிக்கொள்கிறானா என்றுதான் பயிற்சியாளனாக நான் முதலில் பார்ப்பேன். எங்கிருந்தோ வந்த அணியிடம் சுலபமாக ஒத்துக்கொள்கிற பையன், பக்கத்துச் சபை வாலிபர் அணி என்றால் வாயைத் திறப்பதில்லை. பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், தாம்பரம் என்று எங்கள் பக்கத்துச் சபைகளுக்குள் இது வருடக்கணக்கில் ஊறிப்போன பகை. டிசம்பரில் ஒரே வேனில் கேரல் பாடப் போகிறவர்கள், நெட் கட்டியதும் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. போன வருடத்து ஃபைனலில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தை நினைத்தால் எனக்கு இது இன்னும் வலிக்கும். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இறையியல் படித்துவிட்டு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். நான்கு வருடம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் இடியும் தள்ளும் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக நடுவே ஒரு வலையைக் கட்டினார். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் அது நந்தனத்தில் இருக்கிறது. அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும் என்பதால் ஆட்டமும் கூடவே போனது. உடம்போடு உடம்பு மோதக் கூடாது என்று விசுவாசிகள் யோசித்து யோசித்துச் செய்த ஆட்டம் இது. அதை வைத்துக்கொண்டு சபையும் சபையும் முறைத்துக்கொள்கின்றன.

பையன்களை உட்காரவைத்து அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் தலையாட்டுவார்கள். களத்தில் ஒன்றும் மாறாது. எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. மாதத்தில் ஒருநாள் இரண்டு சபைப் பையன்களையும் சேர்த்துக் கலந்து பிரிப்பேன். ஒரு சபை லிஃப்டர், அவனுக்கு இன்னொரு சபை ஸ்மாஷர். லிஃப்ட் செய்கிறவன் அடிக்கிறவனை உன்னிப்பாகப் படித்தாக வேண்டும். எத்தனை எட்டு வைத்து ஓடி வருகிறான், எந்தக் காலில் எழும்புகிறான், பந்து வலையை ஒட்டி வேண்டுமா, ஒரு முழம் தள்ளி வேண்டுமா, களைத்துப் போனால் எவ்வளவு தாழ்வாகக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பான். பந்து சரியாக அமைந்தால் அடித்தவன் திரும்பி இவனைப் பார்த்து விரல் காட்டுவான். ஒரு மாலை முழுக்க இப்படி ஒருவனுக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவனுக்கு, மறுவாரம் எதிரில் நிற்கும்போது அவனை வெறுக்க வருவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பயிற்சியில் ரெஃப்ரி கிடையாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும். மேட்சில் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் கை தானாக எழும்பப் பழக வேண்டும். 2023இல் வாலிபால் நேஷன்ஸ் லீக் போட்டிகளில், தானே ஒப்புக்கொள்கிற ஆட்டக்காரருக்குப் பச்சை அட்டை காட்டும் முறையைச் சர்வதேச சம்மேளனம் கொண்டுவந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மேட்சுக்கு முன்னால் ஜெபிப்போம். ஜெயிக்கவைக்கும்படி கேட்பதை விட்டுவிட்டோம். அதே ஆண்டவரிடம் வலைக்கு அந்தப் பக்கமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதிரணிப் பையன்களின் பெயரைச் சொல்லி, ஒருவனுக்கும் அடிபடக் கூடாது என்று கேட்கிறோம். எங்கள் அணியில் இந்துப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் உண்டு. அவர்கள் சும்மா நின்றால் போதும், யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் பெயர் சொல்லும் நேரம் வந்ததும் அவர்களும் ஒரு பெயர் சேர்க்கிறார்கள்.

பெற்றோருக்குத்தான் இது ஜீரணமாகவில்லை. 24-24இல் ஒரு பையன் கையைத் தூக்கினால், "கையில இருந்த பாயிண்டைத் தூக்கிக் குடுத்துட்டானே மாஸ்டர்!" என்று சண்டைக்கு வருவார்கள். அது நம் பாயிண்டே இல்லை என்று பொறுமையாகச் சொல்வேன். சிலர் மகனை வேறு அணிக்கு மாற்றினார்கள். வருத்தம்தான், ஆனாலும் இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ஞாயிறு காலையில் ஃபைனல் வைக்கும்போது என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட்டக்காரர் எரிக் லிடில் அந்த ஓட்டத்தையே விட்டார். 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். அதே பாரிஸுக்கு இந்திய அணியை அழைத்துப் போனவர் நம் பக். லிடிலின் இந்தக் கதை சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பிற்பாடு நடந்தது. அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடிய பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, தங்கத்துக்காகக்கூட ஞாயிறை விட்டுக்கொடுக்காத மனிதர் அவர்களுக்காக நடுவராகப் போய் நின்றார். அவர் பட்சபாதம் பார்க்க மாட்டார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

அதனால் ஞாயிறு காலை ஆட்டம் என்றால் என் பையன்களை அனுப்புவதில்லை. மதியத்துக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேட்பேன். ஆனால் மைதானத்தில் இரண்டு அணிக்கும் கைகலப்பு என்று போன் வந்தால், ஆராதனை முடியும்வரை காத்திருக்க மாட்டேன். விசிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.